சேத்துப்பட்டு முட்டைக் கணக்கு

காசநோய் ஆய்வகத்தில் முட்டைக்குத் தனிக் கணக்கு உண்டு. கிருமியை வளர்க்கும் லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகம், எங்கள் பேச்சில் எல்.ஜே., முட்டையில்தான் செய்வது. ஒரு லிட்டர் முட்டைக் கலவைக்கு இருபது, இருபத்தைந்து முட்டை. ஏழு நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் தீவனம் தின்ற கோழியின் முட்டை ஆகவே ஆகாது. மிச்சமிருக்கும் மருந்தே கிருமியை அடக்கிவிடும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஆல்கஹாலில் ஊறவைத்து, உடைத்து, மாலகைட் பச்சை சேர்த்து, பாட்டிலைச் சாய்த்து 85 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தால் இட்லி மாதிரி இறுகும். ஒரு பாட்டிலில் மருந்து இருக்காது. இன்னொன்றில் ஐ.என்.எச். (ஐசோனியசிட்), வேறொன்றில் ரிஃபாம்பிசின். மருந்தில்லாத பாட்டிலில் முளைத்ததில் நூற்றில் ஒரு பங்காவது மருந்துள்ள பாட்டிலிலும் முளைத்தால், அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று எழுதுவோம். அதற்கு ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

நான் டெக்னீஷியனாக இருந்தது ஒரு மாவட்ட ஆய்வகத்தில். தொழிலின் மூத்தவர்கள் எல்லோரும் சொல்வது சென்னைச் சேத்துப்பட்டைத்தான். 1956இல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அங்கே காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை சானடோரியத்திலும் மறு பகுதியை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டிலும் குணமாகும் என்று 1959இல் உலகம் அறிந்தது. இதைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் மாத்திரையை எண்ணிய விதம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள், ஐ.என்.எச்.சோடு சேர்த்துக் கொடுத்த பி.ஏ.எஸ். மருந்தைச் சாப்பிட்டவருக்கு நிறம் செவ்வூதாவாகும். இது வெறும் கெடுபிடி இல்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களிலேயே கிருமி பழகிவிடுகிறது என்று 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியிருந்தது. பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும். அதை ஒளித்துவைத்துவிட்டு ஐ.என்.எச். மட்டும் விழுங்கினால் அதே கதைதான்.

1994இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச காசநோய் ஒன்றியமும் மருந்து எதிர்ப்பை நாடு நாடாகக் கணக்கெடுக்கத் தொடங்கின. எதிர்ப்பு ஏற்கெனவே தெரிந்த கிருமிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பி, விடை சரியா என்று சோதித்தார்கள். சேத்துப்பட்டு மையமும் அந்த ஆய்வக வலையமைப்பில் சேர்ந்தது. 1997இல் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டுப் புது நோயாளிகளில் 3.4 சதவீதத்தினருக்கு ஐ.என்.எச்., ரிஃபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளும் வேலை செய்யவில்லை.

அந்தப் ‘புது’ என்பதில்தான் எனக்கு எப்போதும் உறுத்தல். ஒரு மாதத்துக்கும் குறைவாக மருந்து சாப்பிட்டவரே புது நோயாளி. அதைப் பாட்டில் சொல்லாது. ஆளைத்தான் கேட்க வேண்டும்.

“ஐயா, முன்னாடி டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?”

“இல்ல தாயி.”

“எப்பவாவது மாத்திரை போட்டு ஒண்ணுக்கு செவப்பாப் போச்சா?”

“அது போச்சே, ரெண்டு மாசம். சூட்டு மாத்திரைன்னாங்க.”

சிறுநீரைச் சிவக்கவைப்பது ரிஃபாம்பிசின். பெரியவர் பொய் சொல்லவில்லை. தனியார் கிளினிக்கில் நோயின் பெயரை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் அவர் புது நோயாளிக் கட்டத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை உயர்த்தியிருப்பார். 2014-16இல் 5,280 பேரைச் சேர்த்து நடந்த தேசியக் கணக்கெடுப்பில் இந்த இரட்டை எதிர்ப்பு புது நோயாளிகளிடம் 2.84 சதவீதம், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களிடம் 11.60. இவ்வளவு இடைவெளி உள்ள இரண்டு கட்டங்களில் ஆள் மாறி உட்கார்ந்தால் என்ன ஆகும்?

இப்போது ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் காட்டுகிறது. வரட்டும், எங்கள் ஆறு வாரத்துக்குள் வேலை தேடி ஊர் மாறிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ‘முன் சிகிச்சை: இல்லை’ என்று விசாரிக்காமலே டிக் அடித்த படிவங்கள் இயந்திரம் வந்த பிறகும் வந்தன. நான் ஓய்வு பெறும்வரை அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன், சிலருக்குக் கோபம் வந்தது.