மடை யார் கையில்?

பாண்டிநாட்டுப் பக்கம் பல ஊர்களில் கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடும் வேலையை நிலத்துக்காரரிடம் விட்டதில்லை. நீர்பாய்ச்சி, மடைக்குடும்பர் என்று ஊருக்கொரு பெயர். ஆள் மட்டும் பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் ஒரு சென்ட்கூட இல்லாதவர். சொந்த வயல் இல்லை, அதனால் எந்த வயல் பக்கமும் சாயத் தேவையில்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் ஒவ்வொரு சம்சாரியும் அளக்கும் நெல்தான் கூலி. கடைமடை காய்ந்தால் அவர் கூலியும் குறையும்.

என் அப்பா தலைமடைக்காரர். முறை முடிந்த நொடியில் நீர்பாய்ச்சி எங்கள் வாமடையை மண்வெட்டியால் அடைத்துவிட்டுப் போவார். அப்பா முணுமுணுப்பார், தடுத்ததில்லை. மறு ஆண்டு மழை பொய்த்தால் அதே மண்வெட்டி வேண்டுமே!

அந்தக் காலத்து மனிதர்கள் நல்லவர்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள் (919, 921). ஏரி வாரியம் முதலான வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் குடத்திலிட்ட ஓலையை எடுத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்கு ஆகாதவர்கள். ஊரை நம்பி எழுதிய விதி இல்லை இது. அந்தக் குடத்தில் பெயர் விழவே பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும்; ஏரியில் மண் சுமந்தவர் பெயர் அதில் இல்லை.

வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை போடும் குடிமராமத்தும் தானாக நடந்ததாகச் சொல்ல முடியாது. வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் கூலியைப்போல் இருமடங்கு வசூலிக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள்.

ஆனாலும் அந்த ஏற்பாட்டிலிருந்து தனியே விலகிப் பிழைக்க அன்று வழி இல்லை. பம்புசெட் வந்து அந்த வழியைத் திறந்துவிட்டது. கிணறு வைத்தவருக்குக் கண்மாய் நிறைந்து கிடந்தால் போதும், ஊற்று வரும். மடையைத் திறக்காமலிருந்தால் இன்னும் நல்லது. அவர் எதற்கு வரத்துக்கால் வெட்ட வருவார்?

2017-இல் அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. பெயர் பழையது, மண் அள்ளியது ஜேசிபி. எங்கள் ஊர் மதகை இப்போது திறப்பவருக்குத் தலைமடையில் நிலம் இருக்கிறது. கேட்டால், வேறு யார் வருவார்கள் என்கிறார்கள். நியாயந்தான். பெருக்குத் தண்ணீரில் மூழ்கி, பிறர் வயலுக்கு மடை திறந்து, களத்தில் கையேந்தி நிற்க நீர்பாய்ச்சிகளின் பிள்ளைகள் இனி வரமாட்டார்கள்; வரவும் வேண்டாம். ஒழுங்கான சம்பளம் பேசினால், நிலமில்லாத ஒருவர் கிடைப்பார்.