பதினொரு வரியும் பத்து நாளும்

2016 மார்ச் 22 அன்று உலகெங்கும் ஏராளமான நிரலாளர்களுக்குக் கை ஓடவில்லை. காரணம், ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல். 7 என்பதை 007 ஆக்குவது போல, ஒரு சொல்லின் இடப்பக்கம் பூஜ்யமோ வெற்றிடமோ சேர்ப்பதுதான் அதன் மொத்த வேலை. பெயர் உரிமைச் சண்டை ஒன்றில் மனம் கசந்துபோன அதன் ஆசிரியர், தன் நிரல்களை, நிரலாளர்கள் நிரல்களைப் பகிரும் என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். பேபல் என்ற கருவி லெஃப்ட்-பேடைச் சுற்றுவழியில் நம்பியிருந்தது; திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற நூலகத்தில் எழுதியவர்கள் பேபலை நம்பியிருந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் கிடங்கை நடத்துபவர்களே லெஃப்ட்-பேடைத் திரும்ப வைத்தார்கள்.

ஒரு லூப்பும் எழுத்துகளை ஒட்டத் தெரிவதும் போதும், அதை எழுத. முதல் மாதப் பாடம். அதைக்கூட ஏன் வெளியிலிருந்து எடுத்தார்கள்?

இந்தப் பழக்கத்துக்கு வித்திட்டது 2006. அப்போது ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. ஒரு பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு விதமாகவும் மற்றவற்றுக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டியிருந்தது. ஜான் ரெசிக் உருவாக்கிய ஜேக்வெரி என்ற நூலகம் அந்தத் தொல்லையை மூடி மறைத்தது. பெரிய உபகாரம்தான். ஆனால் ஜேக்வெரி தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது என்று ஒரு தலைமுறையே கிளம்பியது. இரண்டு எண்களை எப்படிக் கூட்டுவது என்று கேட்டால்கூட “ஜேக்வெரி போடு” என்பார்கள் என்று நிரலாளர்கள் கிண்டலடித்தார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பிறப்பும் அவசரப் பிரசவம். பிரவுசருக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்ற ஆசை காட்டித்தான் அதை உருவாக்கிய பிரெண்டன் ஐக்கை, பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப் வேலைக்கு அழைத்தது. வந்தபின், பார்வைக்கு ஜாவா மாதிரி இருக்க வேண்டும் என்றது நிர்வாகம். 1995 மே மாதம், பத்தே நாளில் முதல் வடிவம் தயார். தோல் ஜாவா, உள்ளே ஃபங்ஷனை ஒரு மதிப்பாகக் கையில் கொடுத்து வாங்கும் ஸ்கீமின் குணம். தேதிக் கணக்கு ஜாவாவிலிருந்து அப்படியே வந்தது. அதனால்தான் இன்றும் ஜனவரி 0, டிசம்பர் 11. திருத்தினால் பழைய இணையப் பக்கங்கள் உடையும் என்பதால் இப்படிப் பல கோணல்கள் நிலைத்துவிட்டன.

2013 மே மாதம் ரியாக்ட் பொதுவெளிக்கு வந்தது. நிரலுக்குள்ளேயே எச்டிஎம்எல் போல எழுதுவதைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களிலேயே பலர் அதற்கு மாறினார்கள். புதிதாக வருபவர்கள் ரியாக்டின் வித்தை என்று நினைப்பவற்றில் பாதி ரியாக்டுடையதே அல்ல. பட்டியலைத் திரையில் விரிக்கும் ‘மேப்’, 2009இல் வந்த ஜாவாஸ்கிரிப்டின் ஐந்தாம் பதிப்புத் தரத்திலேயே உண்டு. ‘இம்போர்ட்’, அம்புக்குறி ஃபங்ஷன் எல்லாம் 2015இன் வரவு. ரியாக்டில் கிளாஸ் முறையில் எழுதிய காலத்தில் ‘பைண்ட்’ என்ற வரியை மந்திரம் போல ஒப்பித்தவர்கள் அநேகம். அந்த வரி கட்டிப்போடும் ‘திஸ்’ யாரைக் குறிக்கும் என்பது ஃபங்ஷனை அழைக்கும் விதத்தைப் பொறுத்தது என்று சொல்லிக்கொடுத்தவர் குறைவு.

2017இன் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் அதே வேலையைச் செய்யும் ‘பேட்ஸ்டார்ட்’ வந்து, லெஃப்ட்-பேடின் அந்த 11 வரிக்கும் வேலையில்லாமல் செய்தது. நமக்கு ஒரு சின்ன வம்பு மட்டும் மிச்சம்: ‘தமிழ்’ என்ற சொல்லை ஐந்து இடத்துக்கு நீட்டச் சொன்னால் அது அசையாது. கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் இகரக் குறியும் புள்ளியும் சேர்ந்து ஏற்கெனவே 5.

2019 பிப்ரவரியில், ரியாக்டில் கிளாஸ் இல்லாமல் எழுத உதவும் ஹூக்ஸ் வந்தபோது ‘திஸ்’ தொல்லை ஓய்ந்தது. உடனே இன்னொன்று முளைத்தது. நொடிக்கு ஒன்று கூட்டும் கடிகாரத்தை ஆசையாக எழுதினால் திரையில் 1 வந்து அப்படியே நின்றுவிடும். ஃபங்ஷன் தான் பிறந்த நேரத்து மாறியையே, அதாவது பழைய 0-வையே, பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நொடியும் ஒன்று கூட்டுகிறது. க்ளோஷர் என்ற அந்தக் குணம், 1975இல் எம்ஐடியில் பிறந்த ஸ்கீமிலிருந்து ஐக் கொண்டுவந்தது.