பல்லின் வேருக்கு ஒரு பூச்சு

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள் நம் பெரியவர்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கும் வேர்க்கடலையும் கூடவே போய்விடுகின்றன! முதுமை வந்தால் பல் விழத்தான் செய்யும் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பலருடைய பற்களைப் பறிப்பது வயதன்று. ஈறு நோயும் வேர்ச் சொத்தையுமே. இவற்றுள் வேர்ச் சொத்தைக்கு எதிரான ஓர் எளிய பூச்சின் வரலாற்றை இங்கே காண்போம்.

வேருக்கு ஏன் இந்த நலிவு?

ஈறுக்கு மேலே தெரியும் பல்லை எனாமல் போர்த்தியிருக்கிறது. அதன் எடையில் சுமார் 96 விழுக்காடு தாது உப்புகள். வேருக்கு இந்தக் கவசம் இல்லை. அங்கே மிக மெல்லிய சிமெண்டம் என்ற படலமும், அதன் அடியில் டென்டைனும் உள்ளன. டென்டைனில் தாது உப்பு ஏறத்தாழ 70 விழுக்காடுதான்.

நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். வேரோ 6.2 முதல் 6.7 வரையிலான அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். இளமையில் ஈறு வேரை மூடிக் காக்கிறது. வயதாக ஆக ஈறு இறங்கி, வேர் வெளியே தெரிகிறது. சில மருந்துகளால் உமிழ்நீரும் குறைகிறது. சொத்தைக்கு வேறென்ன வேண்டும்?

கறைபடிந்த பற்கள் காட்டிய வழி

1901-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, அவ்வூரில் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். 1909-இல் புகழ்பெற்ற ஜி.வி. பிளாக் அவருடன் சேர்ந்துகொண்டார். வியப்பு என்னவென்றால், கறைபடிந்த அப்பற்களில் சொத்தை எளிதில் விழவில்லை! காரணம் குடிநீரில் இருந்த புளோரைடு என்பதை 1931-இல் எச்.வி. சர்ச்சில் என்ற வேதியியலார் கண்டறிந்தார். கறை தோன்றாமல், சொத்தை மட்டும் குறையும் அளவு எது? லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் என்று டிரென்ட்லி டீன் ஆராய்ந்து கூறினார். 1945-இல் கிராண்டு ராபிட்ஸ் நகரக் குடிநீரில் புளோரைடு சேர்க்கப்பட்டது.

கரைசலிலிருந்து வார்னிஷ்

குடிக்காமல் பல்லின்மேல் நேரே தடவினால் என்ன? 1940-களில் பேசில் பிபி சோடியம் புளோரைடு கரைசலைத் தடவிப் பார்த்தார், பயன் தெரிந்தது. ஆனால் கரைசலை உமிழ்நீர் விரைவில் கழுவிவிடுகிறது. அதைப் பல்லில் நிறுத்திவைப்பது எப்படி?

மர மேசைக்குப் பூசும் வார்னிஷை நீங்கள் அறிவீர்கள். அதே உத்திதான் இங்கும் கைகொடுத்தது. 1964-இல் ஜெர்மனியின் ஷ்மிட், இயற்கைப் பிசினில் 5 விழுக்காடு சோடியம் புளோரைடு கலந்த வார்னிஷை அறிமுகப்படுத்தினார். ஈரம் பட்டவுடன் அது இறுகி, பல்லில் சில மணி நேரம் ஒட்டியிருக்கும். அதிலிருந்து கசியும் புளோரைடு, கால்சியத்துடன் சேர்ந்து நுண்ணிய துகள்களாகப் படிகிறது. அமிலம் தாக்கும்போது அத்துகள்கள் கரைந்து புளோரைடை விடுவிக்கின்றன; கரைந்த தாது உப்புகள் மீண்டும் படிய அது துணைசெய்கிறது.

முதலில் குழந்தைகளின் பற்களுக்கே இது மிகுதியும் பயன்பட்டது. முதியோருக்கும் பயன்படுமா? ஹாங்காங்கில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 300-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. பல்லைத் தூய்மையாக வைப்பது எப்படி என்ற அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுகளில் சராசரியாக 2.5 வேர்ப் பரப்புகளில் புதிய சொத்தை விழுந்தது. அவ்வறிவுரையுடன் மூன்று மாதத்திற்கொரு முறை புளோரைடு வார்னிஷும் பூசப்பட்டவர்களுக்கு அது 0.9-தான். தோன்றிவிட்ட வேர்ச் சொத்தை மேலும் பரவாமல் இறுகி நிற்கவும் இப்பூச்சு உதவும் என்று 2018-இல் அமெரிக்கப் பல் மருத்துவக் கழகம் இதைப் பரிந்துரைத்த முறைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆழமாகக் குழிந்துவிட்ட பல்லுக்கோ அடைப்புதான் வேண்டும்.

அளவே மருந்து

‘புளோரைடு நஞ்சல்லவா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், புளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்தவர்களின் முதுகெலும்பு இறுகிப்போனதை ஷார்ட் என்பவரும் உடன் பணியாற்றியோரும் 1937-இல் விவரித்தார்கள். அங்கே நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், உடலுக்குள் போனது அது. இங்கேயோ ஆண்டில் சில முறை, சில துளிகள், பல்லின்மேல் மட்டும். எனினும் பல் மருத்துவர் கையால்தான் இதைப் பூசிக்கொள்ள வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஈறோரத்தில் பழுப்பாக, மெத்தென்று ஏதேனும் தெரிகிறதா? அப்படியானால் ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பல்லைக் காக்க இன்னும் காலம் இருக்கிறது.