தொழுவத்துப் படர்தாமரை

ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இரும்புலியூர், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட பின்னும், தென்சென்னைப் புறநகரின் தெருக்களில் மாடுகள் இன்னும் நடமாடுகின்றன. ஆதலால் மாட்டின் தோலில் வளரும் பூஞ்சை மனிதத் தோலில் குடியேறும் வரலாறு இவ்வூர்களுக்கு அயலானதன்று.

தோல், மயிர், நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகளே படர்தாமரைக்குக் காரணம் என்பதை 1840களில் பாரிஸ் நகரில் மருத்துவர் டேவிட் குரூபி நுண்ணோக்கியின் துணையால் நிறுவினார். 1910இல் தோல் மருத்துவர் ரேமண்ட் சபுரோ அவற்றை விரிவாக வகைப்படுத்தினார்; மனிதரிடம் வாழ்பவை, விலங்குகளிடம் வாழ்பவை, மண்ணில் வாழ்பவை என்னும் பாகுபாடு பின்னர் உறுதிப்பட்டது. இந்நோயின் வரலாற்றில் இதனினும் பயனுள்ள தெளிவு வேறில்லை எனலாம். ஏனெனில் நோயாளியின் தோலை மட்டும் பார்த்த மருத்துவம் அதன்பின்னரே தொழுவத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று.

மாடுகளில் இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் டிரைக்கோபைட்டன் வெருக்கோசம், கன்றின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்காகப் படிந்து, கன்றை அணைத்துப் பிடிப்பவர், பால் கறப்பவர் ஆகியோரின் கைகளுக்குப் பரவுகிறது. உதிர்ந்த மயிரிலும் பொருக்கிலும் தங்கும் அதன் வித்துகள் கட்டுத்தறியில் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கிலும் உயிர்ப்புடன் இருக்கும். பூனை, நாய்களிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்பதோ, நோய்க்குறி ஏதும் காட்டாத பூனையிடமும் ஒளிந்திருக்கும். விலங்கு வழிப் பூஞ்சைகள் மனித உடலுக்குப் பழகாதவை என்பதால், தோல் கடுமையாக அழன்று சீழ்கோப்பதும் உண்டு.

அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த சீமையகத்தி, வண்டுகொல்லி என்ற பெயருடன் தமிழர் மருத்துவத்தில் இடம்பெற்று, அதன் இலை படர்தாமரைக்கு அரைத்துப் பூசப்பட்டது. அம்மரபைப் பயிற்றுவிக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் தாம்பரம் சானடோரியத்திலேயே இயங்குகிறது. கால்நடை மருத்துவக் கல்வியோ 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியாக வேரூன்றியது. நவீன மருத்துவத்திலோ, 1939இல் பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோபுல்வின் என்னும் பூஞ்சையெதிர்ப்பு மருந்து, வாய்வழி கொடுக்கப்பட்டபோது கினிப்பன்றிகளின் படர்தாமரையைக் குணப்படுத்துவதை 1958இல் ஜென்டில்ஸ் என்னும் ஆய்வாளர் காட்டிய பின்னரே மனிதருக்கும் வாய்வழி மருந்தாயிற்று.

அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் பரவி, 2020இல் டிரைக்கோபைட்டன் இண்டோடினியே எனப் பெயர் பெற்ற பிடிவாதமான வகை மனிதரிடமிருந்தே மனிதருக்குத் தொற்றுகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் முறையற்ற பயன்பாடு அந்நிலையை மோசமாக்கியதாகத் தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர். எனவே எல்லாப் படர்தாமரைக்கும் மாட்டையோ பூனையையோ பழிப்பது தவறு. ஆயினும் கன்று வளர்க்கும் வீட்டில் மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்து, கன்றுக்குச் சிகிச்சையளிக்காமலும் கட்டுத்தறியைத் தேய்த்துக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தூய்மைப்படுத்தாமலும் விட்டால், ஆறிய கையில் அந்நோய் மீண்டும் தொற்றுவதற்கு வழி திறந்தே கிடக்கும்.