ஏரியும் உழைப்பாளரும்

அட்டனை அடுத்த இரு பேரேரிகளும் மனிதர் அமைத்தவை. கெஹெல்கமு ஓயாவைத் தடுத்து 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலி ஓயாவைத் தடுத்து 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் எழுந்தன. பின்னதில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. நீர் வற்றுங்காலத்தில் அதன் பழங்கோயில் இன்றும் வெளிப்படும்.

இந்நீர் மின்சாரமாகி நாட்டிற்கு ஒளி தந்தது. ஆனால், கரைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தோருள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகியிருந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ இம்மக்களைக் கலந்தாலோசியாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பின்னரும் நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்கு வழி திறந்தது. லயன் அறை நிற்கும் மண்ணோ பெரும்பாலோர்க்கு இன்றும் உரிமையில்லை.

இவ்வேரிகளின் வரலாற்றைக் கற்பிப்போர் மின்சாரத்தின் அளவோடு இந்தக் கடனையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.