இறந்த பின் தெரிந்த தழும்புகள்

ஒரு நாள் திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. சில வாரங்களில் தானாகவே தெளிகிறது. ஒரு வருடம் கழித்துக் கால் மரத்துப் போகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயைக் கண்டுபிடிப்பதில் நெடுங்காலம் இருந்த சிக்கல் இதுதான்.

மின்கம்பிக்கு உறை இருப்பது போல நம் நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கும்போது மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்புகள் விழுகின்றன. பாரீஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் 1868-ல் ஷார்கோ இந்த நோயைத் தெளிவாக விளக்கினார். ஆனால் தழும்புகளை அவர் கண்டது பிரேதப் பரிசோதனையில்தான்!

உயிரோடு இருப்பவருக்கு? காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு பேலன்ஸ் ஷீட்டை வைத்து ஒரு நிறுவனம் வளர்கிறதா, தேய்கிறதா என்று சொல்ல முடியாது அல்லவா? அதுபோல, வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் நோய் தாக்கியது என்று தெரிந்த பிறகே மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். இரண்டாவது தாக்குதல் வர மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம்.

1970களில் வந்த சி.டி. ஸ்கேன் ஓரளவுதான் உதவியது. 1981-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இயன் யங் குழுவினர் பத்து நோயாளிகளை சி.டி.யிலும், அப்போது புதிதாக வந்திருந்த எம்.ஆர்.ஐ.யிலும் படம் எடுத்தனர். சி.டி.யில் தெரிந்தவை 19 தழும்புகள். எம்.ஆர்.ஐ.யில் அந்த 19-உடன் மேலும் 112! எக்ஸ்ரே திசுவின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது. எம்.ஆர்.ஐ.யோ திசுவில் உள்ள நீரின் ஹைட்ரஜனைக் கவனிக்கிறது. தழும்பில் அந்த நீரின் நிலை மாறிவிடுவதால் அது பளிச்சென்று தனித்துத் தெரிகிறது.

1993-ல் இன்டர்ஃபெரான் பீட்டா மருந்துக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. தாக்குதல்களைக் குறைக்க ஒரு மருந்து வந்துவிட்டதால், காத்திருப்பதே நஷ்டம் என்றானது. 2001-ல் இயன் மெக்டொனால்ட் தலைமையிலான குழு புதிய விதிகளை வகுத்தது. அதன்படி, இரண்டாவது தாக்குதல் வராவிட்டாலும், சில மாதம் கழித்து எடுத்த படத்தில் புதிய தழும்பு தெரிந்தால் போதும். 2010-ல் இன்னும் ஒரு படி. கடோலினியம் என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தினால் புதிய தழும்பு மட்டும் ஒளிரும். எனவே பழையதும் புதியதும் ஒரே படத்தில் சேர்ந்து தெரிந்தால், அதுவே காலத்துக்கான சாட்சி ஆனது.

ஆனாலும் வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் இந்த நோய் அல்ல. ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், முதுமை ஆகியவற்றிலும் அவை தெரியும். அதனால்தான் படம் கையில் இருந்தாலும் மருத்துவர் இன்றும் முதலில் கேட்கிறார்: "பார்வை எப்போது மங்கியது?"