13-ம் நம்பர் பார்க்கிங்

"கடைசி பார்க்கிங் வரைக்கும் மட்டும் போயிடாதீங்க" என்று ஆர்லாண்டோ ஆபீஸ் நண்பர் சொல்லி அனுப்பினார். சொல்லாமல் இருந்திருந்தால் முதல் பார்க்கிங்கிலேயே நின்றிருப்பேன். மனித மனம்!

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில், டைட்டஸ்வில் ஊரிலிருந்து பாலம் தாண்டிப் போனால் ப்ளயாலிண்டா கடற்கரை. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மொஸ்கிட்டோ காயல், நடுவே ஒல்லியாக நீண்டு கிடக்கும் மணல் திட்டு. தடுப்புத் தீவு என்பார்கள். புயலும் அலையும் பெருநிலத்தை நேராக அடிக்காமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்கிற தீவு. மணல் மேட்டுக்குப் பின்னால் ஒரே சாலை, வரிசையாக 13 பார்க்கிங். கடை கிடையாது, ஹோட்டல் கிடையாது.

பதின்மூன்றாவதில் இறங்கி மரப்படி ஏறி மறுபுறம் பார்த்தால், நண்பர் சொன்னது உண்மைதான். ஒருவர் உடம்பிலும் பொட்டுத் துணி இல்லை. ஆனால் நான் பயந்த மாதிரி எதுவும் இல்லை. பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள். குடைக்குக் கீழே புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ், ஷூ நிறைய மணல் என்று நின்ற என்னைத்தான் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே வேடிக்கைப் பொருள் நான்தான் :-)

வெட்கத்தில் பார்வையைத் தெற்கே திருப்பினேன். தூரத்தில் நாசாவின் ஏவுதளம் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. மயாமி வரைக்கும் கடலோரம் அடுக்குமாடியாக நிற்கிற ஃப்ளோரிடாவில், இத்தனை கிலோமீட்டர் கரை மட்டும் எப்படிச் சும்மா கிடக்கிறது?

விடை அந்த ஏவுதளம்தான். 1961-ல் கென்னடி சந்திரனுக்கு ஆள் அனுப்புவோம் என்று அறிவித்தார். ராட்சத ராக்கெட்டுக்கு ராட்சத இடம் வேண்டும். பூமி சுழலும் திசையில், அதாவது கிழக்கே ஏவினால் எரிபொருள் மிச்சம். கிழக்கே கடல் இருந்தால் ராக்கெட் பாகங்கள் யார் தலையிலும் விழாது. அடுத்த சில ஆண்டுகளில் நாசா மெரிட் தீவிலும் இந்தக் கரையிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர்களை விலைக்கு வாங்கியது. அலன்ஹர்ஸ்ட், ஷைலோ, கிளிஃப்டன் என்று ஆரஞ்சுத் தோப்புகளோடு இருந்த சின்னச் சின்ன ஊர்கள் காலியாயின. காசு கொடுத்தார்கள், ஆனால் 'விற்கமாட்டேன்' என்று சொல்லும் உரிமை கொடுக்கவில்லை. கடலோர வீடுகளும் போயின. ஒரே ஒரு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விண்வெளி வீரர்கள் கிளம்புமுன் குடும்பத்தாரிடம் விடைபெறுவது அந்த வீட்டில்தான்.

ஏவுதளத்துக்கு உடனடியாகத் தேவைப்படாத நிலம் 1963-ல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1975 ஜனவரியில் கெனாவரல் தேசியக் கடற்கரை உருவானது. சுமார் 39 கி.மீ. நீளம், ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் கட்டடமில்லாமல் இவ்வளவு நீளமாக மிஞ்சியது இது ஒன்றுதான். இன்று கடலாமைகள் ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிடுகின்றன. ஆமைக்கும் அம்மணத்துக்கும் இடம் கொடுத்தது ராக்கெட்!

நிற்க. அம்மணம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. இதே தீவின் வடகோடியில் 'ஆமை மேடு' என்று ஒரு குன்று இருக்கிறது. சுமார் 15 மீட்டர் உயரம். மண் இல்லை, அத்தனையும் பூர்வகுடிகள் நூற்றாண்டுகளாகத் தின்று போட்ட சிப்பி ஓடு. வடக்கே திமுக்குவா, தெற்கே ஐஸ் மக்கள். ஆண்களுக்கு ஒரு கோவணம், பெண்களுக்கு மரப்பாசியில் ஒரு பாவாடை, அவ்வளவுதான் உடை.

1696-ல் ஜொனாதன் டிக்கின்சன் என்ற குவேக்கர் வணிகர் ஜமைக்காவிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குக் கப்பலில் போனார். கூட மனைவி, கைக்குழந்தை, அடிமைகள், மாலுமிகள். தெற்கே ஜூபிடர் பக்கம் கப்பல் தரை தட்டியது. அங்கிருந்த பூர்வகுடிகள் உடைமைகளையும் உடைகளையும் உருவிக்கொண்டு விட்டார்கள். கிழிசல்களைச் சுற்றிக்கொண்டு, கிட்டத்தட்ட அம்மணமாக, இந்தக் கரையோரமாகவே வடக்கே ஸ்பானியர்களின் செயின்ட் அகஸ்டின் வரை போனார்கள். வழியில் குளிரில் ஐந்து பேர் செத்தார்கள். கைக்குழந்தை பிழைத்தது. ஸ்பானிய கவர்னர் துணி கொடுத்துக் காப்பாற்றினார்.

துணியை உருவிய அந்த மக்களும் நிலைக்கவில்லை. நோயும் அடிமை வேட்டையும் சேர்ந்து, 18-ம் நூற்றாண்டின் நடுவுக்குள் ஐஸ் இனமே இல்லாமல் போனது. முதலில் காலியானது அவர்கள் ஊர். ஷைலோவும் கிளிஃப்டனும் பிறகுதான்.

1995-ல் பிரெவார்ட் மாவட்ட நிர்வாகம் பொது இடத்தில் நிர்வாணத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. ஆனாலும் கடைசி பார்க்கிங்கின் பழக்கம் போகவில்லை. எனக்கு அவர்கள்மேல் குறையொன்றும் இல்லை. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் புத்தகம் படிக்கிறார்கள். ஆனால் டிக்கின்சன் கூட்டத்துக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? காரில் துணி இருக்கிறது, வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். தானே அவிழ்ப்பது சுதந்திரம், பிறர் உருவினால் அது வேறு. ஊரை விட்டுப் போவதும் அப்படித்தான். நான் பிழைப்புக்காக ஊரை விட்டவன். பொங்கலுக்கு டிக்கெட் எடுத்தால் திரும்பிவிடலாம். ஷைலோக்காரருக்கு அந்த டிக்கெட் கிடையாது.

ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் வரும்போதெல்லாம் சூளூர்பேட்டை தாண்டுகிறேன். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அங்கேதான் இறங்கவேண்டும். அதுவும் தடுப்புத் தீவுதான். ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. 1969-ல் அதைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஏறக்குறைய அதே காரணங்கள்: கிழக்கே கடல், ஜனம் குறைவு. 1971 அக்டோபர் 9-ல் முதல் ராக்கெட் பறந்தது. அந்தக் 'குறைவான ஜனம்' யானாதிகள். காட்டில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள். அவர்களை இடம் மாற்றிவிட்டுத்தான் ஏவுதளம் வந்தது.

2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பியபோது ஆபீஸில் எழுந்து நின்று கைதட்டியவன் நான். அடுத்த முறையும் தட்டுவேன். பள்ளிக்கூடத்தில் "ஆளில்லாத தீவு என்பதால் ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இப்போது மகளுக்கு அதையே சொல்லிக்கொடுக்கும்போது ஒரு வார்த்தையை மாற்றிவிட்டேன். ஆளில்லாத தீவு இல்லையம்மா, ஆட்களை அனுப்பிவிட்ட தீவு.